ஏழு நாள் ஓடினால் கையெழுத்து

சர்வரில் மெசேஜ் புரோக்கர் நிறுவும் தொழிலில், நிறுவ அரை மணி நேரம் போதும். நிறுவியதை ஓடவைக்கத்தான் ஆயுள் போதாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முடி கொட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் நாலு வரி. அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரு செய்தியை அனுப்புகிறது. வாங்க வேண்டியவர் அந்த நேரம் பார்த்து வேறு வேலையாக இருக்கிறார். நடுவில் புரோக்கர் என்கிற மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, வரும் செய்திகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கொடுத்து, 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை கைவிடாமல் வைத்திருக்கும். அவ்வளவுதான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

நான் நாகப்பட்டினத்துக்காரன், பெயர் சாகுல். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனியின் வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்தவன். மனைவி ரஹீமாவும் ஐந்து வயது மகள் ஆயிஷாவும் என் பெர்மிட்டை ஒட்டித்தான் கிள்ளானில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்தப் பெர்மிட் முடிய ஐந்து வாரம் இருந்தபோது, போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனிக்குப் புரோக்கர் வைத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். எந்தக் கண்டெய்னரை எங்கிருந்து எங்கே கொண்டுபோவது என்கிற ஆர்டர், அலுவலகத்திலிருந்து டிரைவர்களின் கைப்பேசிக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரே நிபந்தனை: தொடர்ந்து ஏழு நாள், ஓர் ஆர்டர்கூடத் தொலையாமல், தேங்காமல் ஓட வேண்டும். ஓடினால் லோரி முதலாளி கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து வந்தால்தான் எங்கள் முதலாளி என் பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கடிதம் கொடுப்பார். ஏழு நாள்தானே, அதற்கு எதற்கு ஐந்து வாரம் என்றுகூட நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

இருபத்திரண்டு கிளிப்பு

லோரிகளுக்கு ஆர்டர் பிரித்துக் கொடுப்பவர் லெட்சுமி அக்கா. சுங்கை வேயிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருவார். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. பலகையில் இருபத்திரண்டு இரும்புக் கிளிப்பு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு லோரி நம்பர். ஆர்டர் வந்தால் துண்டுச் சீட்டில் எழுதி அந்த லோரியின் கிளிப்பில் மாட்டுவார். டிரைவருக்குப் போன் அடிப்பார். அவர் எடுத்துவிட்டால் சீட்டு கிளிப்பிலிருந்து இறங்கும், எடுக்காவிட்டால் அங்கேயே தொங்கும். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, புரோக்கர் என்றால் என்ன, வரிசை என்றால் என்ன, பதில் வரும்வரை செய்தியை எப்படிப் பத்திரமாக வைத்திருக்கும் என்று பக்கத்தில் இருந்த வெள்ளைப் பலகையில் நான் முக்கால் மணி நேரம் படம் வரைந்து விளக்கினேன். மார்க்கர் தீரும் வரைக்கும் விளக்கினேன் என்றே சொல்லலாம்.

அக்கா நடுவில் இரண்டு போன் பேசினார், மூன்று சீட்டு மாட்டினார், மைலோ கலக்கிக் குடித்தார். நான் முடித்ததும் என் படத்தை ஒரு தரம், தன் பலகையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இதைத்தான தம்பி நான் இருபது வருசமா கிளிப்பு வச்சி பண்ணிட்டு இருக்கேன்?"

அங்கிள் வீட்டுக் கல்யாணம்

லோரி முதலாளி பெயர் மாணிக்கம். முதல் நாள் சார் என்று கூப்பிட்டேன். "நான் என்ன வாத்தியாரா, அங்கிள்னு கூப்பிடுங்க" என்றார். ஒழுகாத ஏர்கான் அவர் அறையில் மட்டும்தான் இருந்தது என்பதால் சர்வரும் அங்கேதான் இருந்தது. புரோக்கரை நிறுவினேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது, அக்கா அந்த வெள்ளைப் பலகையில் நாள் கணக்காகப் பெரிதாக '2' என்று எழுதியிருந்தார். மூன்றாம் நாள் காலை புரோக்கர் ஆர்டர் வாங்குவதையே நிறுத்திவிட்டது. இதற்கு ஒரு வழக்கம் உண்டு, பாவிகளுக்குத் தெரியும். டிஸ்க்கில் இடம் குறைந்தால் 'இனி எதையும் என்னிடம் தராதே' என்று வாயை இறுக மூடிக்கொள்ளும்.

டிஸ்க்கை எது தின்றது என்று தேடினால், அங்கிள் மகள் கல்யாணம். மூன்று கேமரா, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே. நிச்சயதார்த்தம் தனி, நலங்கு தனி, வரவேற்பு தனி. போதாக்குறைக்கு ஒவ்வொன்றுக்கும் 'புதுசு' என்று ஒரு நகல், 'ரொம்ப புதுசு' என்று இன்னொரு நகல். நகலை மட்டுமாவது அழிக்கலாமா என்று கேட்டேன். அவர் ஒன்றைத் திறந்து ஓடவிட்டார். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் இடம். திரையில் அங்கிள் அழுகிறார், நாற்காலியில் அங்கிள் அழுகிறார், வெளியே பதினாறு ஆர்டர் தேங்கி நிற்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எதையும் அழிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிஸ்க் ரொம்பிட்டா இன்னொரு டிஸ்க் வாங்கிக்கலாம் தம்பி. கல்யாணத்தை மறுபடி பண்ண முடியாது லா."

வாழை இலையில் வைத்துச் சொன்னது

இன்னொரு டிஸ்க் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனபோது எங்கள் முதலாளி கணேசன் என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் நல்லவர், இலையில் எனக்கு இரண்டாவது வறுத்த மீனை அவரே கேட்டு வாங்கி வைத்தார். ஆனால் சாப்பிடும்போது பெர்மிட் பற்றிப் பேசினால் எனக்குச் சோறு இறங்காது. பெர்மிட் கொடுக்கிற இடத்தில், இந்த ஆள் இந்த நாட்டில் எதற்கு வேண்டும் என்று கேட்பார்கள், அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும் என்றார். போன வருடம் இன்னொருவருக்கு ஆதாரம் இல்லாமல் விண்ணப்பம் போட்டுத் திரும்பி வந்துவிட்டதாம்.

லோரி முதலாளி நிரப்ப வேண்டிய ஏற்புப் பாரத்தில் கையெழுத்துக்கு மேலே 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை யாரும் நிரப்புவதில்லை, நீ நிரப்பி வாங்கு என்றார். இலையை மடித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார்: "சும்மா கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வராத சாகுல். கஸ்டமர் கையால நல்லதா ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வா. அதைக் காட்டித்தான் நான் பேசணும்."

ஒரு கண்டெய்னருக்கு நாலு லோரி

புது டிஸ்க் போட்டு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. இந்த முறை இரண்டாம் நாளே அடி. டிரைவர் கைப்பேசியில் ஆர்டர் வரும், கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். பத்து நிமிடத்துக்குள் அதை அமுக்காவிட்டால், அந்த டிரைவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த காலி லோரிக்கு அதே ஆர்டரை அனுப்பும்படி புரோக்கருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடக் கணக்கைப் போட்ட அறிவாளி நானேதான். போடும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அன்று காலை பதினொரு மணிக்குத் துறைமுக வாசலில், ஒரே ஒரு கண்டெய்னருக்காக எங்கள் லோரிகள் நான்கு, ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. முதலில் போனவர் முனியாண்டி அண்ணன், காப்பார்க்காரர், அந்தக் கம்பெனியிலேயே மூத்த டிரைவர். ஆர்டரைப் பார்த்திருக்கிறார், உடனே கிளம்பியிருக்கிறார், ஆனால் பொத்தானைத் தொடவில்லை. பின்னால் வந்த மூவரும் அப்படியே. ஒருவர்கூட அமுக்கவில்லை. வெயிலில் போய் நின்று ஏன் என்று கேட்டேன். அங்கே போனால் பேப்பர் வந்திருக்காது, கிரேன் வேலை செய்யாது, பெட்டியே இருக்காது. போகலாம், நிற்கலாம், ஆனால் வாயால் 'சரி' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பெட்டிக்கு டிரைவர்தான் ஜவாப்தாரி. இந்த வழக்கம் லெட்சுமி அக்காவுக்குத் தெரியும், மற்ற எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்த புரோக்கருக்கும் எனக்கும்தான் தெரியாது. முனியாண்டி அண்ணன் எனக்காகப் பாவப்பட்டு, பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "பெட்டி லோரி மேல ஏறட்டும் பாஸ், அப்பறம் சரிங்கிறேன். ஏறாத பெட்டிக்கு எவன் சரி சொல்லுவான்?"

காப்பாரில் இருந்து பதில்

ஒரு பொத்தானை இரண்டாக்கினேன். ஆர்டரைக் கண்டதும் அமுக்க 'பார்த்தேன்', பெட்டி ஏறியதும் அமுக்க 'ஏற்றினேன்'. முதல் பொத்தானால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை என்று டிரைவர்களைக் கூட்டிவைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். கைப்பேசியில் இருக்கும் ஆப்பை மாற்ற நாலு நாள் போய்விட்டது. பெர்மிட்டில் இருபத்து மூன்று நாள் பாக்கி. இந்தத் தடவை எல்லோரும் அமுக்கினார்கள். அதிலும் முனியாண்டி அண்ணன் அரை நிமிடத்தில் அமுக்கினார். மற்ற டிரைவர்களிடம் அவரை உதாரணமாகக் காட்டிப் பேசினேன், சக பாவிகளே, அந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது.

மூன்றாம் நாள், முனியாண்டி அண்ணனுக்குப் போன ஆர்டர்கள் மதியம் வரைக்கும் அசையவே இல்லை என்று இரண்டு வாடிக்கையாளர்கள் போன் செய்துவிட்டார்கள். விசாரித்தால், அவருடைய கைப்பேசி அவர் லோரிச் சக்கரத்திலேயே நசுங்கிவிட்டது. அக்கா புது நம்பர் கேட்டபோது வீட்டில் மனைவி வைத்திருக்கும் கைப்பேசியின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். காப்பாரில் அவர் மனைவி, சமைத்துக்கொண்டே, வருகிற ஆர்டருக்கெல்லாம் உடனுக்குடன் 'பார்த்தேன்' அமுக்கி, ஒரு நோட்டில் எழுதிவைத்து, அண்ணன் மதியம் சாப்பிட வரும்போது கொடுத்திருக்கிறார். செய்தி போனது, பதில் வந்தது, விதிப்படி எதுவும் தொலையவில்லை என்று நான் வாதாடிப் பார்த்தேன். தேங்கியது தேங்கியதுதான் என்று அக்கா பலகையில் பூஜ்யம் போட்டார். அந்த அம்மாவிடம் போனில், ஏன் ஆன்டி அமுக்கினீர்கள் என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "பார்த்தேன்னு போட்டிருந்துச்சி, நான் பார்த்தேன், அமுக்குனேன். அவரு பார்த்தாரான்னு அந்த போன்ல யாருமே கேக்கலையே தம்பி."

வீட்டிலும் ஒரு பாரம்

பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஆயிஷாவின் பாலர் பள்ளியிலிருந்து அடுத்த வருடச் சேர்க்கைக்குப் பாரம் கொடுத்துவிட்டார்கள். மகளுக்கு அங்கே நான்கு தோழிகள். மலாய் மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டு, மாடிப்படி ஏறும்போதெல்லாம் 'சத்து, டூவா, தீகா' என்று எண்ணிக்கொண்டே ஏறுவாள். ரஹீமா பாரத்தில் குழந்தையின் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் எழுதி முடித்து, தகப்பனாரின் பெர்மிட் எதுவரை செல்லும் என்கிற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டம் என்னைப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. ஊரில் வேலை இல்லாமல் இருந்த பதினோரு மாதம் எனக்கு மறக்கவில்லை, அவளுக்கும்தான்.

அவள் அழவோ சண்டை பிடிக்கவோ இல்லை. மீன் ஆய்ந்துகொண்டே, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்: "மச்சான், ஒரு மிஷினு ஏழு நாள் நிக்காம ஓடுறது அவ்வளவு பெரிய காரியமா?"

இழவுப் பெட்டி

நாலு முறை அனுப்பியும் யாரும் வாங்காத ஆர்டரைப் புரோக்கர் தூக்கிப் போட்டுவிடாது. தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைக்கும். தொழிலில் அதற்குச் செத்த கடிதங்களின் பெட்டி என்று பெயர். அக்காவுக்குத் தமிழில் திரை இருந்தால் வசதியாக இருக்குமே என்று நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, அந்தப் பெட்டிக்கு 'இறந்த செய்திகள்' என்று அழகான எழுத்தில் தலைப்புப் போட்டுக் கொடுத்திருந்தேன். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் அக்கா அதைத் திறந்து பார்த்தால் போதும், தேங்குவதற்கு வழியே இல்லை. இரண்டாம் நாள் நான் திறந்து பார்த்தேன். ஐந்து ஆர்டர் உள்ளே கிடந்தது. அக்கா இரண்டு நாளும் அதைத் தொடவே இல்லை. காலையும் அதுவுமாக விளக்கேற்றிவிட்டு வந்து, முதல் வேலையாக இழவுச் செய்தியா பார்ப்பார்கள் என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

பலகையில் மறுபடி பூஜ்யம். பெட்டியின் பெயரை 'கவனிக்க' என்று மாற்றினேன். அன்றிலிருந்து அக்கா அதை அரை மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்தார். யாரும் வாங்காத ஆர்டரை உடனே எடுத்து வேறு லோரிக்குக் கொடுத்தார். வேலை எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அங்கிள் கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையைத் தடவிக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "பேரை மாத்துன ஒடனே ஓடுது பாத்தீங்களா, தம்பி."

கூட்டுத்தொகை எட்டு

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை, ஏனென்றால் பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போய் ஐந்தைத் தொட்டிருந்தது. நான் ஐந்து நேரத் தொழுகையிலும் அந்த சர்வருக்காக துவா கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் காலை கொமுட்டர் ரயிலில் போய் இறங்கி உள்ளே நுழைந்தால், அக்கா திரையைக் காட்டினார். ஆர்டர் ஒன்றுகூட இல்லை. வரிசைகளே இல்லை. டிரைவர்கள் பெயர் இல்லை. 'கவனிக்க' பெட்டி இல்லை. நான் நேற்றுதான் நிறுவியது போல, புரோக்கர் துடைத்து வைத்த தட்டாக இருந்தது. முப்பத்தெட்டு ஆர்டர் எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் என்ன செய்தார்கள் என்று விசாரித்தேன்.

அங்கிள் தன் லோரிகளின் நம்பரையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் எண்கணித ஜோதிடரிடம் காட்டித்தான் வாங்குவார். முந்திய நாள் சாயங்காலம் சர்வரின் பெயரையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கூட்டுத்தொகை எட்டு வருகிறது, ஓடுகிற தொழிலுக்கு ஆகாது என்று சொல்லி, ஐந்து வருகிற மாதிரி ஒரு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்யாண வீடியோ பார்க்க அங்கிளுக்கு சர்வரின் பாஸ்வேர்ட் தெரியும். காலையில் குளித்துவிட்டு வந்து, நல்ல நேரத்தில், அவர் கையாலேயே பெயரை மாற்றி, சர்வரை அணைத்து ஏற்றியிருக்கிறார். சக பாவிகளே, இந்தப் புரோக்கர் தன் சரக்கையெல்லாம் தான் குடியிருக்கும் மிஷினின் பெயரில் ஓர் அறை கட்டித்தான் பூட்டி வைக்கும். மிஷினின் பெயர் மாறினால், இது வேறு வீடு என்று நினைத்துக்கொண்டு புதிதாகக் காலி அறை ஒன்றைக் கட்டி அதில் உட்கார்ந்துகொள்ளும். பழைய அறை அப்படியே இருக்கும்; அது திரும்பிக்கூடப் பார்க்காது.

பழைய பெயரையே வைத்துவிடலாம் அங்கிள், எல்லாம் வந்துவிடும் என்று கெஞ்சினேன். எட்டுக்குத் திரும்புவதா என்று அவர் மிரண்டுவிட்டார். மிஷினுக்குப் புதுப் பெயர் இருக்கட்டும், புரோக்கர் மட்டும் தன்னைப் பழைய பெயரிலேயே நினைத்துக்கொள்ளட்டும் என்று தனியாக எழுதி வைத்துக் கிளப்பினேன். முப்பத்தெட்டு ஆர்டரும் திரும்பி வந்தன. மதியம் இரண்டு மணி. ஆறு மணி நேரம் தேங்கியிருந்தது. பெர்மிட்டில் மிச்சம் பத்து நாள். அக்கா பலகையைத் துடைக்க மனம் வராமல் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கிளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்குத் தேநீர் வரவழைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மாத்துனா யோகம் வரும்னுதான் சொன்னாரு. உள்ள இருக்கிறதெல்லாம் காணாப் போயிரும்னு அவரு சொல்லலையே தம்பி."

ராகு காலம் முடிந்த பிறகு

அதன் பிறகு ஏழு நாளும் நான் அந்த அறையிலேயே கிடந்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அங்கிள் கல்யாண வீடியோ பார்க்க வேறொரு பழைய மடிக்கணினியில் ஏற்பாடு செய்து கொடுத்தேன். அக்கா வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து பார்த்தார். முனியாண்டி அண்ணன் புதுக் கைப்பேசி வாங்கி, இரண்டு பொத்தானையும் தன் விரலாலேயே அமுக்கினார். நாலு, ஐந்து, ஆறு. ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பலகையில் '7' விழுந்தது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்று அங்கிள் பேனாவைத் தொட மறுத்துவிட்டார். அந்த ஒன்றரை மணி நேரம் நான் சர்வரின் விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எந்தத் தேர்வு முடிவுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

நாலரைக்குக் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். அப்போதுதான் கணேசன் சொன்ன இரண்டு வரி ஞாபகம் வந்தது. கருத்துக் கட்டத்தில் நல்லதாக ஏதாவது எழுதுங்கள் அங்கிள் என்றேன். எனக்கு எழுத வராது லா, நீங்களே சொல்லுங்க என்றார். சந்தோஷத்தில் நான் வாரி வழங்கினேன். 'இந்த ஏற்பாடு இப்போது தானாகவே ஓடுகிறது, யாரும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத் தேவையில்லை' என்று ஆங்கிலத்தில் நான் சொல்லச் சொல்ல, அவர் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து, படித்துப் பார்த்து, என் முதுகில் தட்டினார்: "நெசமாத்தான் தம்பி, பொய்யா ஒரு வரி எழுதலை."

மூன்றாம் மாடி

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வாசனையைத் தாண்டி மூன்று மாடியும் ஏறிப்போய், பாரத்தைக் கணேசன் மேசையில் வைத்தேன். பெர்மிட்டில் இரண்டு நாள் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பள்ளிப் பாரத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தேன். கடிதம் கையில் வந்ததும் அந்தக் கட்டத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. கணேசன் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார், முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார். கருத்துக் கட்டத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

வேறு பாரம் எழுதி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அங்கிள் உற்சாகம் தாங்காமல் முந்திய நாளே அதைப் படம் பிடித்து, துறைமுகத்தில் தெரிந்த லோரி முதலாளிகள் எல்லோருக்கும், எங்கள் கம்பெனியின் பொது நம்பருக்கும் அனுப்பிவிட்டாராம். இனிப் பழைய வரியை மறைத்துப் புது வரி கேட்டால் அது பொய்க் கடிதம் ஆகிவிடும் என்றார் கணேசன். வேறு வேலை காட்டி விண்ணப்பம் போடலாம் என்றால் கையில் வேறு வேலை எதுவும் இல்லை. அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: "கஸ்டமரே ஆள் தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காரு சாகுல். இதை வச்சிக்கிட்டு ஆள் தேவைன்னு நான் எப்படிப் போய்க் கேக்குறது?"

ஆக, சக பாவிகளே, முப்பத்து மூன்று நாள் பாடுபட்டு நான் ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்த ஒரே வேலை, நான் தேவையில்லை என்பதை என் வாயாலேயே சொல்லி எழுதி வாங்கியதுதான்.